ஒரு கட்டில், ஒரு சாம்பல் கலர் விரிப்பு

பேரு கொக்கு. வயசு இருபத்திமூணு. இருக்கிறது கடல் தாண்டி ஒரு ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பழைய கட்டடத்துல ரெண்டாவது மாடி, ஜன்னலை ஒட்டின கட்டில். ஸ்கூல்ல சேர்க்கும்போது வச்ச பேரு ஒண்ணு இருக்கு, அது பாஸ்போர்ட்டோட சரி. காலு ரெண்டும் அவ்வளவு நீளம். அதனால வீட்ல கூப்பிட்ட பேரே எல்லா இடத்துக்கும் கூடவே வந்துடுச்சு.

அந்தக் கட்டில் அவனோடதுன்னு சொன்னா பாதிதான் உண்மை. பகல்ல அவனோடது, ராத்திரி இன்னொருத்தரோடது. அங்க அப்படித்தான், ஒரு கட்டிலை ரெண்டு தூக்கத்துக்கு வாடகைக்கு விடுவாங்க. கொக்குக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில ராத்திரி ஷிஃப்ட். காலையில அவன் வேன்ல வந்து இறங்கும்போது ராத்திரி படுத்தவர் எழுந்து வேலைக்குப் போயிருப்பார். சாயங்காலம் அவர் திரும்புறதுக்குள்ள இவன் கிளம்பியிருப்பான். மாசக்கணக்கா ஒரே மெத்தையில படுக்கிறாங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்ததில்ல.

கொக்கு அவருக்கு ராத்திரிக்காரர்னு பேரு வச்சிருந்தான். ஆளு குள்ளம்னு மட்டும் தெரியும். ஏன்னா மெத்தையில விழுந்த பள்ளம் பாதியிலயே முடிஞ்சிடும். அதுல படுத்தா கொக்குக்கு வயிறு பள்ளத்துல, முட்டி மேட்டுல, பாதம் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய. எந்த நாட்டுக்காரரோ, என்ன பாஷையோ. அந்த ரூம்ல பாதிப்பேர் பேசறது மீதிப்பேருக்குப் புரியாது, அதனால யாரும் யார்கிட்டயும் கேட்டுக்கிறதும் இல்ல.

விரிப்பு மட்டும் ஆளுக்கு ஒண்ணு. வந்ததும் விரிக்கணும், எழுந்ததும் சுருட்டிப் பைக்குள்ள வச்சுக்கணும். கொக்கோட விரிப்பு கம்பெனியில சேர்ந்தப்ப கொடுத்தது. கோணிப்பையைப் பார்த்து அது, நான் உனக்கு அண்ணன்டான்னு சொல்லும், அந்த லட்சணம்.

ஒரு நாள் காலையில விரிப்பை உதறும்போதுதான் மெத்தையில அந்தக் கறையைப் பார்த்தான். உள்ளங்கை அகலம். மஞ்சளும் பழுப்புமா. சரியா ராத்திரிக்காரர் முதுகு படுற இடம். குனிஞ்சு மோந்து பார்த்தான். ஏதோ மருந்து வாடை. அவ்வளவுதான், விரிப்பைச் சுருட்டிக்கிட்டு ரெண்டு அடி பின்னாடி நகர்ந்துட்டான்.

கொக்கு பயந்தாங்கொள்ளின்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு தும்மல் சேர்ந்தாப்ல வந்தா ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னு கேக்கிற ஆளு. அவனுக்குப் போய் ஊரு பேரு தெரியாத ஒருத்தர் முதுகுக் கறை மேல மூஞ்சிய வச்சுத் தூங்குன்னா எப்படித் தூங்குவான்? அதுவும் அவன் குப்புறப் படுக்கிறவன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்.

யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியல. அவனா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சான். கம்பெனியில பசை ஒட்டுற மிஷினைத் துடைக்க ஒரு தண்ணி வச்சிருப்பாங்க. டப்பாவைத் திறந்தாலே கண்ணு கலங்கும். கல்லா காய்ஞ்ச பசையவே கரைச்சு விடுற தண்ணி, ஒரு மனுஷன் நோயைக் கரைக்காதான்னு அவனுக்கு ஒரு கணக்கு. குடிக்கிற பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சுட்டு வந்தான். மெத்தை மேல தெளிச்சு, கையை வீசி வீசிக் காயவச்சு, அதுக்கு மேல விரிப்பைப் போட்டுப் படுத்தான். அன்னைக்கு நிம்மதியாத் தூங்கினான். அதனால தினமும் தெளிச்சான்.

கொஞ்ச நாள்ல நெஞ்சுல அரிப்பு. அப்புறம் வயிறு. அப்புறம் முன்னங்கை ரெண்டும், தொடை, முட்டி. கடைசியில இடது கன்னத்துல செவசெவன்னு ஒரு திட்டு, யாரோ ஓங்கி அறைஞ்ச மாதிரி. தொண்டையில கரகரப்பு வேற. ஒட்டிக்கிச்சு, ராத்திரிக்காரர் நோய் எனக்கு ஒட்டிக்கிச்சுன்னு முடிவே பண்ணிட்டான். இன்னும் கொஞ்சம் தூக்கலாத் தெளிச்சான். அதுக்கப்புறம் மெத்தையில புதுசா இன்னொரு நெடி வர ஆரம்பிச்சுது. அவன் தெளிக்கிறதோட நெடி இல்ல அது. இன்னும் காரமா, மூக்குக்குள்ள ஊசி விடுற மாதிரி. நோய் முத்திப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்தான்.

அப்பதான் ரூம்காரர் வந்தார். கட்டிலை வாடகைக்கு விடுறவர். இடுப்புல சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடப்பார், எல்லார் பாஷையையும் அரைகுறையாப் பேசுவார், அதுல பாதி திட்டுறதுக்குத்தான். கொக்கு வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கூடக் கழட்டல, கதவோரமா நின்னுக்கிட்டு அவர் சொன்னார்.

"நாளைக்குக் காலையில நர்ஸ் வருது. எல்லாரும் சட்டையைக் கழட்டணும். இந்த ரூம்ல ஒருத்தனுக்குத் தோல் நோய்னு எனக்குப் புகார் வந்திருக்கு. எவன் உடம்புல இருக்கோ அவன் அப்பவே பெட்டியோட வெளிய. கம்பெனிக்கும் நானே சொல்லிடுவேன்."

கொக்கு கன்னத்துல கையை வச்சு மறைச்சுக்கிட்டு, பல்லு வலிக்கிறவன் மாதிரி தலையை ஆட்டினான்.

ரூம் போனா வேலை போயிடும், ஏன்னா ரூம் பிடிச்சுக் கொடுத்ததே கம்பெனிதான். வேலை போனா ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஊருக்குப் போய் என்னன்னு சொல்றது? வழியனுப்ப வந்தவங்க எத்தனை பேரு, ஒரு வேன் நிறைய. அத்தனை பேர் முன்னாடியும் உடம்பெல்லாம் சொறியோட போய் இறங்கணுமா? அது ஒரு பயம். அதுக்கும் அடியில இன்னொரு பயம் இருந்துச்சு, அதை அவன் நினைக்கவே பயந்தான். இது என்ன நோய்? ஆறுமா, ஆறாதா? இங்கயே கிடந்து ஏதாவது ஆயிட்டா வீட்டுக்கு யாரு சொல்லுவாங்க? பக்கத்துக் கட்டில்காரனுக்கு அவன் எந்த ஊருன்னு கூடத் தெரியாதே.

படுக்கப் பிடிக்கல. அன்னைக்கு ராத்திரி அவனுக்கு லீவு வேற. கடைசியில அவனுக்குத் தோணினது இதுதான். இந்தக் கோணி விரிப்புதான் உடம்பைப் பிறாண்டுது. நல்ல மெத்துனு ஒரு விரிப்பு வாங்கிப் போட்டுப் படுத்தா, காலைக்குள்ள சிவப்பு கொஞ்சம் அமுங்கும். அமுங்கினா நர்ஸ் கண்ணுல படாம தப்பிச்சுடலாம். முங்கப்போறவன் கையில கிடைச்ச துரும்பு மாதிரி, அவனுக்கு விரிப்பு.

மார்க்கெட் பக்கம் ஒரு பெரிய கடை. கீழ்த்தளம் பூரா படுக்கைச் சாமான். அங்க போய் நின்னதும் மலைச்சுப் போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"என்னடா, தூங்கற நேரத்துல போன்?"

"தூக்கம் வரலக்கா. விரிப்பு குத்துது. புதுசு வாங்க வந்தேன்."

"மகாராஜாவுக்கு விரிப்பு குத்துதாம். இங்க வெறுந்தரையில வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்தவன்தானே நீ."

"அக்கா, விளையாடாத. எது நல்லதுன்னு சொல்லு."

"குரல் ஏன் கம்மியிருக்கு?"

"தூசிக்கா. அட்டைத் தூசி."

"வீடியோல வா, பார்ப்போம்."

"சார்ஜ் இல்ல."

"பொய் சொல்லும்போது உனக்கு மூச்சு நின்னு நின்னு வரும், இப்ப அப்படித்தான் வருது. சரி, அப்புறம் உன்னைக் கவனிச்சுக்கிறேன். கேளு. கையில தடவிப் பார்த்து வாங்காத. அட்டை தூக்கித் தூக்கி உன் கை காய்ச்சுப் போயிருக்கும், அதுக்கு ஆணியும் ஒண்ணுதான் பஞ்சும் ஒண்ணுதான். கழுத்துல வச்சுப் பாரு. இல்ல, முழங்கை மடிப்புல. பளபளன்னு வழுக்கினா எடுக்காத, வேர்த்து ஒட்டும். வெளிச்சத்துல தூக்கிப் பிடி, சல்லடையாத் தெரிஞ்சா வச்சுடு. காட்டன்னு போட்டிருக்கான்னு பாரு. வாங்கினதும் அலசாமப் போட்டுப் படுக்காத."

"அலசினா காயறதுக்குள்ள விடிஞ்சிடுமேக்கா."

"விடிஞ்சா என்ன? அப்படி என்ன அவசரம் உனக்கு?"

கொக்கு, சிக்னல் இல்லன்னு சொல்லிப் போனை வச்சுட்டான்.

விரிப்பெல்லாம் பெரிய பெரிய கூடையில மடிச்சு மடிச்சுக் கிடந்துச்சு. அக்கா சொன்ன மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் கழுத்துல வச்சான். முதல்ல எடுத்தது பளபளன்னு நீலம், கழுத்துல பல்லி ஓடின மாதிரி சில்லுன்னு வழுக்குச்சு. அடுத்தது புசுபுசுன்னு ரோமம், நாய்க்குட்டி மாதிரி சூடு, ஒரு நொடியில நமைச்சல் ஏறிடுச்சு. பூப்போட்டது ஒண்ணு, பெயிண்ட் வாசனை அடிச்சுது. தூக்கிப் பிடிச்சா பூவுக்கு நடுவுல அந்தப் பக்கம் நிக்கிற கடைக்காரப் பொண்ணு தெரிஞ்சா. அந்தப் பொண்ணு அவனையே முறைச்சுக்கிட்டு இருந்தா. நெட்டையா ஒருத்தன், கன்னத்துல சிவப்போட, கடையில இருக்கிற விரிப்பையெல்லாம் கழுத்துல போட்டுக் கண்ணை மூடி மூடி நின்னா யாருதான் முறைக்க மாட்டாங்க?

கூடைக்கு அடியில சாம்பல் கலர்ல ஒண்ணு மாட்டுச்சு. பூ இல்ல, பளபளப்பு இல்ல. காட்டன். ஒரே ஒண்ணுதான் இருந்துச்சு. முனையைப் பிடிச்சுக் கழுத்துல வச்சான். அப்பா! ஈரத்துணியை ஒத்தின மாதிரி அந்த எரிச்சல் அப்படியே ஒரு நிமிஷம் படுத்துச்சு. அழுகையே வந்துடுச்சு அவனுக்கு. இதான்னு இழுத்தான். வரல. இன்னும் இழுத்தான். இன்னொரு முனையை வேற ஒருத்தர் பிடிச்சிருந்தார்.

குள்ளமான ஆளு. நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். அந்த வெக்கையில முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், அதுக்கு மேல ஒரு துண்டு. கண்ணு ரெண்டும் கோவைப்பழம். அவர் விரிப்பை முழங்கை மடிப்புல வச்சு, கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். இழுத்ததும் கண்ணைத் திறந்து, "இதுக்கும் போட்டிக்கு வந்துட்டான்யா ஒருத்தன்"னு முணுமுணுத்தார்.

நம்ம பாஷை!

"அண்ணே, நீங்க நம்ம ஆளா?"

அவர் மூஞ்சி மலர்ந்துடுச்சு. "அட! தம்பி, நல்லா இருக்கியாப்பா? எத்தனை நாளாச்சு நம்ம பேச்சைக் கேட்டு. ஆனா இந்த விரிப்பை விட்டுடு ராசா. உனக்கு ஆசை. எனக்கு அவஸ்தை."

"எனக்கும் அவஸ்தைதாண்ணே."

அவர் அவன் கன்னத்தைப் பார்த்தார். பக்கத்துல ஒரு கட்டிலை விற்பனைக்கு ஜோடிச்சு வச்சிருந்தாங்க. அதோட ஓரத்துல ரெண்டு பேரும் உக்காந்தாங்க, விரிப்பை நடுவுல வச்சுக்கிட்டு, ஆளுக்கொரு முனையை விடாம. அவர் ஒரு பெரிய ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறவராம், உடம்பு முடியலன்னு அன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்திருந்தாராம். பேச ஆள் கிடைச்சதுல அணை உடைஞ்ச மாதிரி கொட்டினார்.

"என் கஷ்டத்தைக் கேளு. நான் ஒரு கட்டில்ல ராத்திரி படுக்கிறேன். பகல்ல அதுல ஒரு பய படுக்கிறான். மூஞ்சி தெரியாது. உடம்பு பூரா நோய் அவனுக்கு. மெத்தையில ஒரு மருந்து நெடி, படுத்தா கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்கு முதுகெல்லாம் ஒட்டிக்கிச்சு. தினமும் எதைத் தடவிக்கிட்டுப் படுக்கிறானோ படுபாவி."

எத்தனையோ ரூம், எத்தனையோ கட்டில், வேற யாராவதா இருக்கும்னு கொக்கு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டான்.

"அவன் செஞ்ச ஒரே நல்ல காரியம்," அவர் சொன்னார், "அந்தக் கட்டில் தொட்டில் மாதிரி ஆடும். ஒரு காலுக்கு அடியில அட்டையை மடிச்சு மடிச்சு வச்சு ஆட்டத்தை நிறுத்திட்டான். அது என்னவோ அழகாத்தான் மடிச்சிருக்கான்."

அட்டை மடிக்கிறதுதான் கொக்கோட வேலையே.

இவர்தான். இவரோட பள்ளத்துலதான் இத்தனை நாள் படுத்திருக்கான். இவர் நோய்தான் அவன் கன்னத்துல இருக்கு. இவர் முனையைப் பிடிச்சிருக்கிற விரிப்பைத்தான் அவன் கழுத்துல வச்சிருந்தான்! கையை உதறிக்கிட்டு ஓடிடலாமான்னு இருந்துச்சு. ஆனா முனையை விட்டா விரிப்பு போயிடும்.

"அப்புறம் என்ன பண்ணீங்கண்ணே?"

"ரூம்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நர்ஸ் வருது. அவன் பெட்டியோட வெளிய போனாத்தான் எனக்குத் தூக்கம்."

"அவன் வேலை போயிடுமேண்ணே."

அவர் துண்டால கண்ணைத் துடைச்சார். "போகும். தெரியும். சொல்லிட்டு வந்ததுலேர்ந்து சோறு இறங்கல. ஆனா என்ன பண்ணச் சொல்ற? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பிள்ளைங்களை யாரு பார்க்கிறது? இப்ப என் உடம்பையும்தான் பார்ப்பாங்க. அதுக்குத்தான் இந்த விரிப்பு. இன்னைக்கு ஒரு ராத்திரி மெத்துனு படுத்தா கொஞ்சம் அடங்காதான்னு ஒரு நப்பாசை."

அவன் நினைச்சதையே அவரும் வரி மாறாம சொல்றார். அப்ப கொக்கு மனசுல ஒரு கெட்ட யோசனை ஓடுச்சு. நாளைக்கு நர்ஸ் வந்ததும் முதல் ஆளா நான் சொல்லிட்டா என்ன? இவர் முதுகைப் பாருங்க, இவர்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு. அவர் சொன்னதைத்தானே நானும் சொல்லப் போறேன்?

வாயைத் திறந்தான். ஆனா வந்தது வேற கேள்வி.

"அண்ணே, அந்தக் கட்டிலுக்கு மேல ஜன்னல்ல ஒரு கருப்புத் துணி..."

"நான்தான் ஆணி அடிச்சு மாட்டினேன். பகல்ல தூங்கறவன் மூஞ்சில வெயில் அடிக்குமே. அது இந்த நோய் வர்றதுக்கு முன்னாடி..." பாதியில நின்னுட்டார். அவனைத் திரும்பிப் பார்த்தார். "கருப்புத் துணி உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பய நான்தாண்ணே."

அவர் விரிப்பை விட்டுட்டு எழுந்த வேகத்துல பின்னாடி அடுக்கி வச்சிருந்த தலகாணியெல்லாம் சரிஞ்சு தலை மேல விழுந்துச்சு. கடைக்காரப் பொண்ணு அவ பாஷையில என்னவோ கத்தினா. தலகாணிக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு அவர், "கிட்ட வராத! அங்கேயே நில்லு!"ன்னார்.

"நான் எங்கண்ணே வந்தேன்? உங்களுக்குத்தான் நோய்! உங்க முதுகுக் கறை மெத்தையில இல்லையா? மருந்து வாடையோட?"

"கறையா? அது முதுகு வலிக்குத் தேய்க்கிற எண்ணெய்டா, மடையா! நாள் முழுக்கக் குனிஞ்சு பாத்திரம் கழுவுறவன் தேய்க்க மாட்டானா?"

"எண்ணெயா?"

"எண்ணெய்தான். உன் மருந்து என்ன? அந்தக் கண்ணெரிச்சல் மருந்து?"

"நான் மருந்தே போடலண்ணே. உங்க நோய் ஒட்டக் கூடாதுன்னு மிஷின் துடைக்கிற தண்ணியைத் தெளிச்சேன். தினமும். மெத்தை மேல."

அவர் மெதுவாக் கேட்டார். "தினமுமா?"

"தினமும்."

"நானும்தான். உன் நோய் ஒட்டக் கூடாதுன்னு. ஹோட்டல்ல கரி பிடிச்ச தரைக்கு ஊத்துற ப்ளீச்சு."

ரெண்டு பேரும் ஒருத்தர் உடம்பை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அவர் சட்டைப் பட்டனைக் கழட்டித் திரும்பிக் காட்டினார், கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் தோல் சிவந்து கிடந்துச்சு, முன்பக்கம் ஒண்ணுமில்ல. கொக்கு பனியனைத் தூக்கினான், முன்பக்கம் பூரா சிவப்பு, முதுகு சுத்தம். அவர் மல்லாக்கப் படுக்கிறவர், இவன் குப்புறப் படுக்கிறவன். பேண்ட்டை முட்டிக்கு மேல ஏத்தினான். முட்டியில இருந்துச்சு. பாதத்துல ஒரு புள்ளி இல்ல.

"பாதம் ஏன் தப்பிச்சுது?"ன்னார் அவர்.

"அது கட்டில்லயே இருக்காதுண்ணே. வெளியில தொங்கும்."

அவர் சிரிக்க ஆரம்பிச்சார். இருமலும் சிரிப்புமா, கண்ணுல தண்ணி வழிய. கொக்குக்குச் சிரிப்பு வரல. ஏன்னா நாளைக்கு நர்ஸ் வர்றாங்க, சிவப்பு சிவப்புதான், எதனால வந்துச்சுன்னு யாரு நம்புவாங்க? அதைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு நின்னுடுச்சு.

விரிப்பை ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்தாங்க. நேரா ரூமுக்குப் போய் ஜன்னல் கதவையெல்லாம் திறந்தாங்க. அப்புறம் ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ரூம்காரர் கதவைத் தட்டினாங்க. தட்டினது பாத்திரக்காரர். கொக்கு அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னான், அவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு அந்தக் குள்ளமான மனுஷன் பின்னாடி எங்க ஒளியறது?

"என் புகாரை நான் திரும்ப வாங்கிக்கிறேன்"னார் பாத்திரக்காரர். "அவனுக்கு நோய் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் புத்தி இல்ல."

ரூம்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டே தனக்குத் தெரிஞ்ச எல்லா பாஷையிலயும் திட்டினார். கடைசியில, "நர்ஸ் சொல்லட்டும். நோய்னா ரெண்டு பேருமே வெளிய"ன்னு கதவைச் சாத்திட்டார்.

அன்னைக்கு ராத்திரி கொக்கு சமையல் ரூம் தரையில படுத்தான். லீவு நாள்னா எல்லாரும் தூங்கின பிறகு வந்து அவன் படுக்கிறது அங்கதான். பாத்திரக்காரரும் தலகாணியைத் தூக்கிக்கிட்டு வந்து பக்கத்துல சுருண்டுக்கிட்டார். அந்தக் கட்டில் கிட்ட போகவே ரெண்டு பேருக்கும் பயம்.

காலையில நர்ஸ் வந்தாங்க. குண்டா, கண்ணாடி போட்டுக்கிட்டு, சத்தமே போடாத அம்மா. எல்லாரும் சட்டையைக் கழட்டி வரிசையா நின்னாங்க. கொக்கு முறை வந்துச்சு. அந்த அம்மா கன்னத்தைப் பார்த்தாங்க, நெஞ்சைப் பார்த்தாங்க. ரூம்காரர் ரெண்டு பாட்டிலையும் நீட்டி விஷயத்தைச் சொன்னார். அவங்க கட்டிலுக்குப் போய் மெத்தை முனையைத் தூக்கினாங்க. சட்டுன்னு பின்வாங்கிட்டாங்க. அவங்க மூஞ்சி மாறினதைப் பார்த்துதான் கொக்குக்கு நிஜமாவே பயம் பிடிச்சுது. ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்தது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

நர்ஸ் சொன்னதை ரூம்காரர் ஒவ்வொருத்தர் பாஷையிலயும் மாத்திச் சொன்னார். இந்த ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா விஷப்புகை வருமாம். தோல் வெந்ததோட போச்சேன்னு சந்தோஷப்படுங்கன்னாங்களாம். மூடின ரூம்ல ஒரு நாள் கொஞ்சம் கூடப் போயிருந்தா, தூக்கத்துலயே மூச்சு முட்டியிருக்குமாம். அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் இல்ல, அந்த ரூம்ல படுத்த அத்தனை பேருக்கும்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. பாஷை புரியாதவங்க கூட. கொக்கு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். பாத்திரக்காரர் அவன் முழங்கையைப் பிடிச்சிருந்தார், இறுக்கமா.

நர்ஸ் நெஞ்சுல கருவியை வச்சுக் கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் மூச்சு பரவாயில்லையாம். தொத்து நோய் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஒரு களிம்பு கொடுத்தாங்க. மூணு வாரம் கழிச்சு மறுபடி வந்து பார்ப்பாங்களாம். ஆறியிருந்தா சரி. ஆறாம வேற மாதிரி இருந்தா பெரிய ஆஸ்பத்திரி. அதுவரைக்கும் உடம்புல படுற துணி மெத்துனு, நல்லா அலசினதா, வாசனை சோப்பு படாததா இருக்கணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அக்கா போன்ல சொன்ன மாதிரியே.

மெத்தையைத் தெருவுல தூக்கிப் போட்டாச்சு. புது மெத்தைக்கு ரூம்காரர் பிடி கொடுக்கல. கொக்கு கம்பெனியில கேட்டு, கிழியாத அட்டை நாலு அடுக்கு கொண்டு வந்து பலகை மேல பரப்பினான். அதுக்கு மேல அந்தச் சாம்பல் கலர் விரிப்பு. முதல் தண்ணியில அதுலேர்ந்து கஞ்சியும் சாயமும் அவ்வளவு வந்துச்சு, காய்ஞ்சப்ப முறமுறன்னு அப்பளம் மாதிரி நின்னுச்சு, ஏமாந்துட்டோம்னே நினைச்சாங்க. நாலஞ்சு தடவை அலசின பிறகு, கடையில கழுத்துல வச்சப்ப இருந்ததை விட மெத்துனு ஆயிடுச்சு.

இப்ப அந்த விரிப்பை யாரும் சுருட்டுறதில்ல. அவர் எழுந்து போகும்போது சுருக்கத்தை நீவி விட்டுட்டுப் போறார். இவன் வந்து, முதல்ல மோந்து பார்த்துட்டுத்தான் படுக்கிறான். அந்தப் பழக்கம் இன்னும் போகல. சில நாள் ஒண்ணுமே அடிக்காது, அப்பவும் ஒரு தடவை ஜன்னலைத் திறந்துட்டு வந்து மறுபடி மோந்து பார்ப்பான். கன்னம் ஆறிடுச்சு. நெஞ்சுல மட்டும் ஒரு இடம் இன்னும் சிவப்பா இருக்கு. நர்ஸ் வர இன்னும் ரெண்டு நாள்தான்.

விரிப்பு ஒண்ணே ஒண்ணு. தோய்ச்சுப் போட்டா காயற வரைக்கும் ஒருத்தருக்கு வெறும் அட்டை, அட்டை பட்டா அந்தச் சிவப்பு மறுபடி ஏறுது. அதனாலதான் கொக்கு உக்காந்து இதை எழுதுறான். இதைப் படிக்கிறது அக்காவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுச் சித்தியோ யாரா இருந்தாலும் சரி, அம்மாகிட்ட முதல்ல கொக்கு நல்லா இருக்கான்னு சொல்லிட்டு அப்புறம் இதைப் படிச்சுக் காட்டுங்க. நம்ம வீட்டு அலமாரியில அடித்தட்டுல பழைய காட்டன் விரிப்பு கிடக்கும், தோய்ச்சுத் தோய்ச்சு நைஞ்சது. அதை வெறும் தண்ணியில அலசி, நல்லாக் காயவச்சு, நடுவுல பூச்சி உருண்டை எதுவும் போடாம, வர்றவங்க யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புங்க. ரெண்டு வேணும். ஒண்ணு அவருக்கு.